‘பவர்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் நம் பிரசங்க மேடையும்

சில மாதங்களுக்கு முன் பிரசங்கப் பயிற்சி வகுப்பில் இறுதியாண்டு மாணவர் ஒருவர் மத்தேயு 28:18ஐ மூலவசனமாகக் கொண்டு பேசினார். நன்கு ஆயத்தம் செய்திருந்தார், குரலும் தெளிவானது. ஆயினும், திருமறையைத் திறந்து ‘அதிகாரம்’ என்று வாசித்தவர், அதை மூடி வைத்தபின் இருபது நிமிடங்களும் ‘வல்லமை’யைப் பற்றியே பேசினார். உயிர்த்தெழுந்த ஆண்டவரிடம் வல்லமை உண்டு. அவ்வல்லமை நமக்கும் உண்டு. அது நோயை நீக்கும், தடைகளைத் தகர்க்கும் என்று பிரசங்கம் வளர்ந்து சென்றது. கலந்துரையாடலின்போது, வசனத்தில் இல்லாத சொல் பிரசங்கத்தில் எவ்வாறு நுழைந்தது என்று வினவினோம். தாம் படித்த ஆங்கில விளக்கவுரையில் ‘பவர்’ என்று இருந்ததாக அவர் தயக்கமின்றி விடையளித்தார். வகுப்பில் சிலர் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வசனத்தின்மேல் அதே பிரசங்கத்தை இளமையில் நாமும் ஒரு முறைக்கு மேலாகச் செய்திருக்கிறோம்.

இறையியலை ஆங்கிலத்தில் கற்றுத் தமிழில் பிரசங்கிப்பது நம் கல்லூரிகளில் நெடுநாள் வழக்கம். இதனால் விளைந்த நன்மைகள் பல. ஆனால் ஒரு தீங்கை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. கிரேக்கச் சொல் ஆங்கிலத்தினூடே வரும்போது ஆங்கிலச் சொல்லின் வரலாற்றையும் தன்மேல் பூசிக்கொண்டு வருகிறது. நாமோ அதைக் கிரேக்கத்தின் நிறம் என்றே எண்ணிக்கொள்கிறோம். இதற்கு ‘பவர்’ என்னும் சொல்லைப் போன்ற தெளிவான சான்று வேறில்லை. ஆங்கிலேயர் அன்றாடம் வழங்கும் எளிய சொல். நம் நாட்டுச் சந்தையிலும் வீட்டிலுங்கூடப் புழங்கும் சொல். அதன் பிறப்பையும் வளர்ச்சியையும் சற்று ஆராய்ந்தால், நம் மேடைகளில் நேரும் குழப்பத்தின் வேரும் புலப்படும்.

‘பவர்’ ஆங்கில மண்ணில் பிறந்த சொல் அன்று. பழைய ஆங்கிலத்தில் ஆளுகையைக் குறிக்க ‘ஆன்வெயால்ட்’ என்னும் சொல் இருந்தது. உடல்வலிமையையும் ஆற்றலையும் குறிக்க, இன்று ‘மைட்’ என வழங்கும் சொல்லின் பழைய வடிவம் இருந்தது. மத்தேயு 28:18ஐப் பழைய ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் ஆளுகைச் சொல்லையே அங்கு வைத்தனர். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி அமர்ந்தது. ஆள்வோர் பேசிய மொழியிலிருந்து ஆளுதலைக் குறிக்கும் சொல்லும் வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ‘பவர்’ ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. வென்றவர்களிடமிருந்து தோற்றவர்கள் பெற்ற சொல் அது. பழைய ‘ஆன்வெயால்ட்’ மெல்ல வழக்கொழிந்தது. அதன் உறவான ‘வீல்ட்’ என்னும் வினை மட்டும், வாளை ஏந்துதல், செங்கோலை ஏந்துதல் என்னும் பொருளில் இன்றும் எஞ்சி நிற்கிறது.

பழைய பிரெஞ்சில் இச்சொல் ‘இயலுதல்’ என்னும் வினையாகும். அவ்வினையையே பெயராகவும் ஆண்டனர். இன்றைய பிரெஞ்சில் ‘பூவ்வார்’ என்பது வினையாகவும் பெயராகவும் வழங்குவதைக் காணலாம். அதற்கும் பின்னால் நிற்பது லத்தீன் ‘போஸ்ஸெ’, அதாவது ‘இயலுமாயிருத்தல்’. ‘இயலக்கூடியது’ எனப் பொருள்படும் ‘பாஸிபிள்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பத்தது. இன்னும் ஆழத் தோண்டினால், ‘தலைவன்’, ‘உடையவன்’ என்னும் பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய வேரைச் சேர்கிறோம். வடமொழிப் ‘பதி’யும் அவ்வேரில் கிளைத்ததே. சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்று கூறும்போது வரும் பதியும், மின்வாரியம் நிறுத்திவிட்டதாக நாம் முறையிடும் பவரும் ஒரு பாட்டன் வழிப் பிள்ளைகள் என்றால் வியப்பாகத்தான் இருக்கும். கிரேக்க ‘தெஸ்பொதேஸ்’ என்னும் சொல்லின் பிற்பாதியும் அவ்வேரே. வீட்டுத்தலைவன் என்பது அதன் தொடக்கப் பொருள். முதிய சிமியோன் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திக் கடவுளை அச்சொல்லால் விளித்ததாக லூக்கா எழுதுகிறார். ஆங்கிலத்தில் அதுவே கொடுங்கோலனைக் குறிக்கும் ‘டெஸ்பாட்’ ஆயிற்று.

இவ்வேர் ஆராய்ச்சி இனிமையானது. ஆனால் இனிமையே இதில் ஆபத்து. சொல்லின் வேரை வைத்து அதன் பொருளை முடிவு கட்டுதல் தவறு என்பதை ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட விவிலிய மொழியின் பொருளியல் பற்றிய நூலில் வன்மையாக நிறுவினார். சொல் ஒன்று எங்கிருந்து வந்தது என்பது வேறு. இந்த வாக்கியத்தில் என்ன சொல்கிறது என்பது வேறு. ஆதலின் வேரை இத்துடன் விட்டுவிட்டு வழக்கிற்கு வருவோம்.

வழக்கில் இச்சொல் எல்லாவற்றையும் உட்கொண்டது. ஷேக்ஸ்பியர் காலத்தில் படை என்றும் பொருள்பட்டது. பின்னர் வலிமைமிக்க நாடு ஒன்றையே ‘ஒரு பவர்’ என்றனர். வானதூதரின் ஒன்பது அணிகளில் ஓர் அணிக்கும் அப்பெயர். கணக்கில் ஓர் எண்ணைத் தன்னாலேயே பெருக்குவதற்கும் அச்சொல். எந்திரத்திற்குக் குதிரையின் பெயரோடு சேர்ந்து அச்சொல். மூக்குக் கண்ணாடிக்கும் அச்சொல்.

நம் ஊர் வழக்கில் இரண்டை மட்டும் தனியே எடுத்து நோக்குதல் தகும். ‘பவர் போய்விட்டது’ என்கிறோம், இது மின்னாற்றல். ‘நிலத்தை விற்கத் தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்’ என்கிறோம். இது பத்திரப் பதிவு அலுவலகத்துப் பவர். முன்னது ஓடுகிறது, சுடுகிறது, விளக்கை எரிக்கிறது. பின்னது ஒரு தாள். அதில் சூடு ஒன்றும் இல்லை. அதைக் கையில் வைத்திருப்பவன் நோயாளியாகவும் இருக்கலாம், ஏழையாகவும் இருக்கலாம். எனினும் அவன் கையொப்பம் செல்லும். ஏனெனில் உடையவர் அவனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். நிலம் அவனுடையதன்று. பெற்ற பணத்திற்கு அவன் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். கொடுத்தவர் அதைப் பொதுவாக இரத்தும் செய்யலாம். பத்திர எழுத்தரின் மேசைக்கு முன் நிற்கும் எளிய குடியானவர் இவ்விரண்டையும் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. இறையியற் பட்டம் பெற்ற நாம்தாம் குழப்பிக்கொள்கிறோம்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இவ்விரண்டிற்கும் இரு சொற்கள் உள்ளன. ‘டுனமிஸ்’ என்பது இயலுதல் என்னும் வினையிலிருந்து வந்தது. ஆற்றலையும் செயல்திறனையும் குறிக்கும். ‘எக்ஸூசியா’ என்பது ‘தகும், செய்யலாம், இசைவு உண்டு’ என்னும் வினையோடு தொடர்புடையது; உரிமையையும் அளிக்கப்பட்ட ஆணையுரிமையையும் குறிக்கும். சுவிசேஷகர் லூக்கா இவற்றை அருகருகே வைத்து வேறுபாட்டைக் காட்டுகிறார். பன்னிருவரை அனுப்பும் இடத்தில் (9:1) இரண்டையும் ஆண்டவர் அவர்களுக்கு அளிக்கிறார். எழுபதுபேர் திரும்பி வரும் இடத்திலோ (10:19), சத்துருவிடம் இருப்பது டுனமிஸ்; சீடருக்கு அதன்மேல் கொடுக்கப்படுவது எக்ஸூசியா. சத்துருவின் ஆற்றலுக்கு எதிராக அதைவிடப் பெரிய ஆற்றலைச் சீடர் கையில் கொடுத்தார் என்று அவ்வசனம் சொல்லவில்லை. ஆணையுரிமையைக் கொடுத்தார் என்கிறது. வலிமை மிக்கவனுக்கு எதிரே, வலிமையற்ற ஒருவன் கையில் ஒரு தாள். இந்நயம் முழுவதும் 1611இல் வெளியான ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பில் மறைந்துபோகிறது. இரண்டிடத்திலும் அங்கே ‘பவர்’தான். லூக்கா 9:1இல் இரு கிரேக்கச் சொற்களும் இணைந்து வந்தமையால் வேறு வழியின்றி ‘பவர்’, ‘அத்தாரிட்டி’ என்று பிரித்தவர்கள், அடுத்த அதிகாரத்திலேயே அப்பிரிவை மறந்தனர்.

இது ஓரிடத்துப் பிழையன்று. எக்ஸூசியா புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 100 இடங்களில் வருகிறது. அவற்றுள் 70 அளவில் அம்மொழிபெயர்ப்பு ‘பவர்’ என்றும், 30க்குக் குறைவான இடங்களிலேயே ‘அத்தாரிட்டி’ என்றும் கூறுகிறது. டுனமிஸ் ஏறத்தாழ 120 இடங்களில் வருகிறது; அதிலும் 80க்குச் சற்றுக் குறைவான இடங்களில் அதே ‘பவர்’. இரு ஆறுகள் ஒரே மதகின் வழியாக விடப்பட்டால் வயலில் நிற்பவன் எந்த ஆற்று நீர் என்று எங்ஙனம் அறிவான்?

இக்கலப்பு எப்போது நேர்ந்தது என்பதை ஏறக்குறைய வரையறுத்தே காட்டலாம். லத்தீன் திருமறை டுனமிஸை ‘விர்த்தூஸ்’ என்றும் எக்ஸூசியாவைப் ‘பொதெஸ்தாஸ்’ என்றும் பெரும்பாலும் பிரித்துக் கூறுகிறது. 1380களில் விக்லிஃபின் குழுவினர் லத்தீனிலிருந்து பெயர்த்தபோது, பொதெஸ்தாஸ் வரும் மத்தேயு 28:18இல் ‘பவர்’ என்றும், விர்த்தூஸ் வரும் அப்போஸ்தலர் 1:8இல் ‘வெர்ட்டு’ என்றும் எழுதினர். அதாவது அந்நாளில் அவ்விரு இடங்களிலும் பத்திரத்துப் பவருக்கு மட்டுமே ‘பவர்’ என்று பெயர். ஆனால் ‘வெர்ட்டு’ மெல்ல ஒழுக்கம், நற்பண்பு என்னும் பொருளுக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தது. 1526இல் டிண்டேல் கிரேக்கத்திலிருந்து நேரே பெயர்த்தபோது அப்போஸ்தலர் 1:8க்குப் ‘பவர்’ என்றே எழுதினார். மத்தேயு 28:18இலும் அச்சொல்லே நின்றது. இரு ஆறுகளும் கலந்தது அங்கேதான். பழைய சொல்லின் ஒரு துணுக்கு மட்டும் மாற்கு 5:30இல் ஒட்டிக்கொண்டது: பெரும்பாடுள்ள பெண் வஸ்திரத்தைத் தொட்டபோது ஆண்டவரிடமிருந்து புறப்பட்டது டிண்டேலிலும் ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பிலும் ‘வெர்ச்சூ’ ஆகவே இருக்கிறது. அதைப் படித்து, ஆண்டவரின் நற்பண்பு எவ்வாறு வெளியேறும் என்று திகைத்த மாணவர்களை நாம் கண்டதுண்டு.

ஜெர்மானியரிடம் இக்குழப்பம் இவ்வளவு இல்லை. லூத்தர் மத்தேயு 28:18க்குக் ‘கெவால்ட்’ என்றும், அப்போஸ்தலர் 1:8க்குக் ‘க்ராஃப்ட்’ என்றும் எழுதினார். ஆங்கிலேயர் தங்கள் பிழையைத் திருத்த 1881 வரை ஆயிற்று. அவ்வாண்டு வெளியான திருத்திய புதிய ஏற்பாட்டில்தான் மத்தேயு 28:18இல் ‘அத்தாரிட்டி’ இடம்பெற்றது.

தமிழரோ அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னமே இதைச் சரியாகப் பெற்றிருந்தனர். ஹென்றி பவர் ஐயர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் முழுமையாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பே நம் சபைகளில் இன்றும் பெருவாரியாக வாசிக்கப்படுகிறது. (அவர் பெயரும் நம் சொல்லும் தமிழெழுத்தில் ஒன்றாக அமைந்தது தற்செயல், ஆங்கிலத்தில் இரண்டும் வேறு.) அதில் மத்தேயு 28:18 ‘அதிகாரம்’, லூக்கா 9:1 ‘வல்லமையும் அதிகாரமும்’, லூக்கா 10:19இல் சத்துருவுக்கு ‘வல்லமை’, சீடருக்கு ‘அதிகாரம்’, பாவங்களை மன்னிக்க மனுஷகுமாரனுக்கு உள்ளது ‘அதிகாரம்’, பிலாத்து தனக்கு உண்டென்று பெருமை பேசியதும் ‘அதிகாரம்’. ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பில் இவையாவும் ‘பவர்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கியவை. லூக்கா 9:1 மட்டும் விலக்கு. நம் மாணவர் வசனத்தை வாசித்தபோது சரியான சொல் அவர் வாயில் இருந்தது. விளக்கவுரையைத் திறந்தபோது அதை இழந்தார்.

இச்சொற்களின் தகுதியையும் சற்றுச் சொல்ல வேண்டும். ‘வல்லமை’ என்பது வல்லுதல், அதாவது இயலுதல் என்னும் வேரில் எழுந்த தூய தமிழ். டுனமிஸோடு இணை சேர்வதில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. ‘அதிகாரம்’ வடசொல். இன்று அதைக் கேட்டால் மேசைக்குப் பின்னே அமர்ந்திருக்கும் அதிகாரியே நினைவுக்கு வருகிறார். ஆனால் மீமாம்சை நூலோர்க்கு அது ஆளுகைச் சொல் அன்று. ஒரு வேள்வியைச் செய்யவும் ஒரு நூலை ஓதவும் ஒருவனுக்குள்ள தகுதியும் உரிமையுமே அதிகாரம். பிரம்ம சூத்திரத்தின் முதல் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில், வேதம் ஓதச் சூத்திரனுக்கு அதிகாரம் உண்டா என்னும் வினா எழுப்பப்படுகிறது. இல்லை என்றே சங்கரரும் இராமாநுஜரும் உரை கண்டனர். பஞ்சமர் எனப்பட்டோர் அவ்வினாவிற்குள்ளும் வரவில்லை.

இப்பின்னணியில் யோவான் 1:12ஐ வாசித்துப் பாருங்கள். தம்மை ஏற்றுக்கொண்ட அத்தனைபேருக்கும் தேவனுடைய பிள்ளைகளாக அவர் அளித்தது அதிகாரம் என்கிறது தமிழ். ஓத அதிகாரமில்லை, கோயிலுக்குள் நுழைய அதிகாரமில்லை, தெருவில் நடக்க அதிகாரமில்லை என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த மக்களே நம் சபைகளில் பெரும்பான்மையோர். மொழிபெயர்த்தோர் எந்நோக்கத்தோடு அச்சொல்லை எடுத்திருப்பினும், அடைத்த கதவில் எழுதியிருந்த சொல்லே திறந்த கதவிலும் எழுதப்பட்டது. ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பை வைத்து இவ்வசனத்தைப் பிரசங்கிப்பவர், பிள்ளைகளாவதற்கு வேண்டிய ஏதோ ஓர் உள்ளாற்றலைத் தேவன் ஊட்டுகிறார் என்று பேசத் தொடங்கிவிடுவார். வசனத்தில் ஆற்றல் இல்லை. உரிமைப் பத்திரம் இருக்கிறது. 1881இன் ஆங்கிலத் திருத்தமும், 1995இன் தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பும் இங்கே ‘உரிமை’ என்னும் பொருளையே கொண்டது சாலவும் நன்று. ‘அதிகாரம்’ அரசு அலுவலகத்திற்குள் போய் அமர்ந்துவிட்ட இக்காலத்தில் அம்மாற்றம் தேவையானதே.

டுனமிஸைப் பற்றிய வேறொரு பிழையையும் இங்கே கூறியாக வேண்டும். அதுவும் ஆங்கில நூல்களின் வழி வந்ததே. ‘டுனமிஸ் என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் டைனமைட் என்னும் சொல் வந்தது, ஆகவே சுவிசேஷம் தேவனுடைய டைனமைட்’ என்னும் விளக்கத்தைக் கேளாத கன்வென்ஷன் பந்தல் நம் நாட்டில் இருக்குமா என்பது ஐயமே. நாமும் சொல்லியிருக்கிறோம், கைதட்டலும் பெற்றிருக்கிறோம். ஆல்ஃபிரட் நோபெல் தம் வெடிமருந்துக்கு அப்பெயரிட்டது 1867இல். பவுல் ரோமருக்கு எழுதியபோது, கற்குழியில் வெடிவைத்துப் பாறையைப் பிளக்கும் காட்சி அவர் மனத்தில் இருந்திருக்க இயலாது. பேரனின் முகத்தை வைத்துப் பாட்டனின் முகத்தை வரைவது போன்றது இது. தீங்கு காலமுரணோடு நிற்கவில்லை. டைனமைட் உடைக்கும், சிதறடிக்கும், ஒரு நொடியில் முடிந்துவிடும். பவுலோ கொரிந்துவில் டுனமிஸைப் பற்றி எழுதும்போது சிலுவையைச் சுட்டுகிறார். தாம் பயத்தோடும் நடுக்கத்தோடும் அவர்களிடம் இருந்ததைச் சொல்கிறார். இரண்டாம் நிருபம் 12:9இல், தம் முள் நீக்கப்படாத இடத்திலேதான் கிறிஸ்துவின் டுனமிஸ் கூடாரமிட்டுத் தங்குவதைக் காண்கிறார். முள்ளை வெடிவைத்து எடுக்கவில்லை.

இந்த இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில், மக்கெதோனிய ஏழைகள் கொடுத்த காணிக்கையைப் பற்றிப் பேசுகையிலும் டுனமிஸ் வருகிறது. தமிழ் அதைத் ‘திராணி’ என்கிறது. அழகான சொல், காணிக்கைப் பெட்டியின் முன் நிற்கும் விதவையின் சொல். ரோமர் 1:16இல் ‘பெலன்’, 2 கொரிந்தியர் 12:9இல் ‘பலம்’, அங்கேயே ‘வல்லமை’, இங்கே ‘திராணி’, தாலந்து உவமையில் ‘திறமை’: ஒரே கிரேக்கச் சொல் இத்தனையாகச் சிதறுவதால், தேவபெலனும் ஏழையின் திராணியும் ஒரே சொல் என்பதைத் தமிழ் வாசகர் அறிய இயலாமற்போகிறது. ஆங்கிலம் இரண்டை ஒன்றாக்கிக் கெடுத்தது. தமிழ் ஒன்றைப் பலவாக்கிச் சற்றே மறைத்தது. குற்றம் கூறுவதானால் இருபுறமும் கூறுதலே முறை.

ஆற்றலையும் அதிகாரத்தையும் பிரித்தறியாமையால் சபைக்கு விளையும் கேட்டிற்கு அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்துச் சீமோனே சான்று. சமாரியர் அவனைத் தேவனுடைய பெரிய டுனமிஸ் என்று போற்றிவந்தனர். தமிழ் அங்கே ‘சக்தி’ என்று வைத்தது கூர்மையான தேர்வு. ஆற்றலில் அவனுக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. அவன் பணத்தைக் கொண்டுவந்து கேட்டது எக்ஸூசியாவை. கைகளை வைக்கும் அதிகாரம் தனக்கும் வேண்டும் என்றான். ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பில் இரண்டும் ‘பவர்’ ஆதலால், சீமோன் அற்புத ஆற்றலை விலைக்குக் கேட்டான் என்றே பெரும்பாலும் பிரசங்கிக்கிறோம். அவன் கேட்டது பதவி. நம் திருமண்டலத் தேர்தல் காலங்களில் ‘பவருக்கு வருதல்’, ‘பவரில் இருப்பவர்கள்’ என்னும் சொற்கள் எவ்வளவு இயல்பாக நம் வாயில் வருகின்றன என்பதை வாசகர் அறிவர். ஆவியின் வல்லமைக்காகக் காலையில் ஜெபித்துவிட்டு, மாலையில் வாக்குகளை எண்ணிப் பெறுவதையும் அதே சொல்லால் அழைக்கும்போது, முன்னது பின்னதற்கு மேலுறையாகிவிடுகிறது. ‘பவர்’ கெடுக்கும் இயல்புடையது என்னும் பொருளில் ஆக்டன் பிரபு 1887இல் எழுதிய புகழ்பெற்ற கருத்தை அரசியல்வாதிகளைக் குறித்தே எடுத்தாள்கிறோம். அது திருச்சபை வரலாறு எழுதிய மேண்டல் கிரெய்ட்டன் என்னும் குருவானவருக்கு, போப்பாண்டவர்களைத் தீர்ப்பிடும் அளவுகோலைப் பற்றி எழுதிய கடிதத்தில் உள்ளது.

ரோமர் 13:1க்கும் இவ்வேறுபாடு இன்றியமையாதது. அங்கே உள்ள சொல் எக்ஸூசியா. ஆள்வோரைப் ‘பவர்கள்’ என்று அவ்விடத்தில் குறித்து, ஆங்கிலத்தில் பழமொழிபோல் வழங்கும் தொடரை ஆக்கித் தந்தவர் டிண்டேல். அவரே 1536இல், பிரஸ்ஸல்ஸ் அருகில் உள்ள வில்வோர்டில், ஆள்வோரின் ஆணைப்படி கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். ‘பவர்’ என்பதை வலிமை என்று கொண்டால், வலிமை பெற்றவன் எவனாயினும் தேவனால் நியமிக்கப்பட்டவன் என்று முடியும். தென்னாப்பிரிக்க இனவெறி அரசின் ஆதரவாளர்கள் இவ்வதிகாரத்தை ஆண்ட முறையை 1985இன் கைரோஸ் ஆவணம் கண்டித்தது இதனாலேயே. எக்ஸூசியா என்று கொண்டாலோ, எழுதிக் கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார், கணக்கு எங்கே என்னும் கேள்விகள் எழும். வெளிப்படுத்தல் 13:2இல் மிருகத்திற்கும் அதிகாரம் கொடுக்கப்படுகிறது; கொடுப்பது வலுசர்ப்பம். தாள் இருந்தால் மட்டும் போதாது, கையொப்பத்தையும் பார்க்க வேண்டும்.

இதுகாறும் தமிழ்த் திருமறையைப் புகழ்ந்தே வந்தோம். அது தவறிய இடத்தையும் மறைத்தல் நேர்மையன்று. 1 கொரிந்தியர் 11:10இல், பெண் தன் தலையின்மேல் எக்ஸூசியா உடையவளாயிருக்க வேண்டும் என்று பவுல் எழுதுகிறார். ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பு, பொருள் விளங்கினாலும் விளங்காவிட்டாலும், ‘பவர்’ என்று உண்மையாகவே பெயர்த்தது. கணவனின் அதிகாரத்தின்கீழ் இருப்பதற்கு அடையாளமான முக்காடு என்னும் விளக்கத்தை ஓரக்குறிப்பில் மட்டும் வைத்தது. நம் ஐக்கிய மொழிபெயர்ப்போ அந்த ஓரக்குறிப்பின் போக்கையே வசனமாக்கிவிட்டது: பெண் ‘முக்காடிட்டுக்கொள்ள’ வேண்டும் என்கிறது. சொல் மாறவில்லை, காணாமற்போயிற்று. அதிகாரத்தையும் வல்லமையையும் வேறிடங்களில் இவ்வளவு கவனமாகப் பிரித்தறிந்த குழு, பெண்ணின் தலை என்றவுடன் அதிகாரத்தைத் துணியாக மாற்றியது. 1946இன் ஆங்கிலத் திருத்த மொழிபெயர்ப்பும் இதே பிழையைச் செய்தமையால் நம்மவரை மட்டும் குறைகூறுவதற்கில்லை.

கிரேக்கத்தில் ஒன்றின்மேல் எக்ஸூசியா ‘உடையவராயிருத்தல்’ என்னும் தொடர், அவ்வதிகாரத்தைத் தாமே செலுத்துபவரைக் குறிக்கும். வெளிப்படுத்தலில் இரு சாட்சிகள் தண்ணீர்களின்மேல் அதிகாரம் உடையவர்கள் (11:6). ஒரு தூதன் அக்கினியின்மேல் அதிகாரம் உடையவன் (14:18). தண்ணீருக்கு அவர்கள் கீழ்ப்பட்டவர்கள் என்று எவரும் பொருள் கொள்வதில்லை. மோர்னா ஹூக்கர் அம்மையார் 1964இல் இவ்வசனத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், அது சபையில் ஜெபிக்கவும் தீர்க்கதரிசனம் சொல்லவும் பெண்ணுக்குள்ள அதிகாரத்தையே குறிக்கிறது என்று வாதிட்டார். ஐந்தாம் வசனத்தில் பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பவுல் தடையின்றி ஏற்றுக்கொண்டே பேசுவதை நோக்குமிடத்து, இவ்விளக்கமே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. தூதர்களைப் பற்றிய தொடர் இன்னும் கடினமாகவே நிற்கிறது. அதை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

மேற்கூறிய பிரசங்க வகுப்பின் அடுத்த வாரத்தில், நாம் லூக்கா 10:19ஐக் கரும்பலகையில் இரு மொழிகளில் எழுதி வேறுபாட்டை விளக்கிக்கொண்டிருந்தோம். கிரேக்கச் சொல்லடைவை மடியில் வைத்திருந்த மாணவி ஒருவர் எழுந்து, எக்ஸூசியா வரும் இடங்களைத் தாம் ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்து வருவதாகவும், கொரிந்தியரில் ஓரிடத்தில் தமிழில் அச்சொல்லே அகப்படவில்லை என்றும் கூறி, “ஐயா, அங்கே எங்களுக்கு உள்ள அதிகாரம் எங்கே போயிற்று?” என்று கேட்டார். லூக்காவை அழித்துவிட்டு அவ்வசனத்தைக் கிரேக்கத்தில் எழுதினோம். மணி அடித்த பின்னரும் வகுப்பு கலையவில்லை.